முப்பத்தொரு ஜெப விண்ணப்பங்கள்

டாலஸ்
4 மார்ச் 2009

அன்புள்ள அப்பா,

நல்ல செய்தி. எங்கள் ஜெப வட்டத்தின் வசந்தக் கூட்டத்தில் நீங்கள்தான் தொடக்க ஜெபம் செய்ய வேண்டும். செனட்டர்கள், எண்ணெய் முதலாளிகள், பெரிய சபைகளின் போதகர்கள் எல்லாரும் வருவார்கள். யாரை நீதிபதியாக்குவது, எந்தச் சட்டத்தைக் கொண்டுவருவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ஆறு வருடம் காத்திருந்து போன மாதம்தான் எனக்கு அங்கே நாற்காலி கிடைத்தது.

ஒரே விதி: யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. ஜெபம் இரண்டு நிமிடம் போதும். நீட்டி முழக்கிவிடாதீர்கள்!

உங்கள் கார்லண்ட்

பைன் ரிட்ஜ், ஆர்கன்சா
7 ஏப்ரல்

கர்த்தருக்குள் அன்பான கார்லண்ட்,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் கூட்டத்து விருந்தில் மாட்டிறைச்சி வாயில் கரைந்தது. காப்பிதான் வெறும் கழுநீர். உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

பழக்கதோஷம் விடவில்லையடா. நம் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் கேட்பதுபோலவே, "யாருக்காக ஜெபிக்கணும்? எழுந்து பேரைச் சொல்லிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். முதலில் எல்லாரும் உன்னைப் பார்த்து முறைத்தார்கள். அப்புறம் அந்த நரைத்த செனட்டர் எழுந்து, "என் பொண்டாட்டிக்கு என்னை அடையாளமே தெரியல பாஸ்டர்" என்று அழுதாரே! அதன்பின் வரிசையாக எழுந்தார்கள், அவரோடு சேர்த்து முப்பத்தொரு பேர். நீ மட்டும் எழவில்லை.

வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைச் சபைத் தாளில் எல்லா விண்ணப்பங்களையும் அச்சடித்துக் கொடுத்தாயிற்று. வெளியே சொல்லக் கூடாது என்றாய்; சபை நம் குடும்பம்தானே? எல்லாரும் பெயர் சொல்லி ஜெபிக்கிறார்கள். உனக்குச் சந்தோஷம்தானே?

உன் அப்பா

டாலஸ்
16 ஏப்ரல்

அப்பா,

சந்தோஷமா! உங்கள் சபைத் தாள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. முப்பத்தொரு பெயரும், முழங்கால் வலி, குடிகார மருமகன் உட்பட. வட்டத் தலைவர் இரண்டே வரியில் என்னை நீக்கிவிட்டார். ஆறு வருட உழைப்பு மண்ணாகிவிட்டது. இனி எனக்கு எழுத வேண்டாம்.

கார்லண்ட்

டாலஸ்
11 ஜூன்

அன்புள்ள அப்பா,

எழுத வேண்டாம் என்றால் அப்படியே இருந்துவிடுவீர்களா? என்னைப் போலவே வீம்பு.

நேற்று அந்தச் செனட்டர் தொலைபேசியில் அழைத்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். உங்கள் சபைப் பெண்கள் அவர் மனைவிக்குப் பீச் ஜாமும், எல்லாரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டையும் அனுப்பினார்களாம். "பதினெட்டு வருஷமா அந்த ரூம்ல ஜெபம் பண்றோம் தம்பி. எம் பொண்டாட்டி எப்படி இருக்கான்னு ஒருத்தனும் கேட்டதில்ல. உங்கப்பா கேட்டாரு" என்றார். என் நாற்காலியைத் திருப்பித் தர அவரால் ஆகாது. நானும் கேட்கவில்லை.

மனசு லேசாக இருக்கிறது, அப்பா. வருகிற புதன்கிழமை ஊருக்கு வருகிறேன். காப்பி நீங்களே போடுங்கள். சபைத் தாளில் கடைசியாக ஒரு வரியைக் காலியாக விடுங்கள். இந்த முறை நானும் எழுந்து கேட்கிறேன்.

உங்கள் கார்லண்ட்