யூகுலேலே விழாவும் இரண்டு பூப்பொட்டலமும்

யாங்கோன், தின்கன்ஜூன்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகன் பிரேமுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் பினாங்கில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் லைன் போய்விடுகிறது, போகாவிட்டாலும் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லியே என்னை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவார். ஒரு பக்கத்தையும் விடாமல் படி, நான் சொல்ல வந்தது கடைசியில்தான் இருக்கிறது, நேரே அங்கே தாவாதே.

அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொல்கிறார், நாம் இருப்பதோ மூன்றாம் மாடி, பறந்தா வருவது என்று இவர் அவரிடமே கேட்டுவிட்டு வந்திருக்கிறார். கரண்ட் வழக்கம்போலத்தான், நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் போகிறது, வந்ததும் மோட்டார் போடுவதா சோறு வைப்பதா துணி தேய்ப்பதா என்று வீடே அல்லோலகல்லோலம். கரண்ட் இல்லாத மத்தியானங்களில்தான் எங்கள் யூகுலேலே கோஷ்டி கூடுகிறது, அந்தக் கருவிக்கு நாலு நைலான் நரம்பும் பத்து விரலும் போதும், வேறென்ன வேண்டும். கோஷ்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, உனக்குத்தான் தெரியுமே. நான், கீழ் வீட்டு மஞ்சுளா, பபேடான் கடைத்தெருவில் காலையில் தோசைக்கடை போடுகிற ஜெயம்மா, அதே தெருவில் குடையும் பொம்மையும் விற்கிற பீர் முகைதீன் பாய். நீ பினாங்குக்குப் போன அந்த வருடம் அவர் கடையில் வந்து இறங்கிய சரக்கு மூட்டையில் இந்தச் சின்ன கிதார்கள் கிடந்தன, யாரும் வாங்கவில்லை. சயாமா, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மாதானே இருக்கிறீர்கள், எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒன்றை என் கையில் திணித்தார், டீச்சர் வேலை முடிந்தாலும் சயாமா என்கிற பேர் என்னை விடவில்லை. வீட்டில் நீ இல்லாமல் சத்தமே இல்லாமல் போயிருந்தது, அதனால்தான் வாங்கி வந்தேன். இதை இதற்கு முன்னால் உனக்குச் சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் எப்படியாவது வெளியூர் விழா ஒன்றுக்குப் போய் வாசித்துவிட வேண்டும் என்று நாலு பேரும் முடிவு பண்ணினோம். மூன்று இடத்துக்கு எங்கள் வீடியோவை அனுப்பினார் பாய். சிங்கப்பூர்க்காரர்கள் பதிலே போடவில்லை, அவர்கள் கிடக்கட்டும். தாய்லாந்தில் கடற்கரை ஊர் ஒன்றில் நடக்கிற விழா, மூன்று நாள், ஒவ்வொரு கோஷ்டிக்கும் மேடையில் கால் மணி நேரம், காலையில் ஜப்பானிலிருந்து வருகிற வாத்தியார்கள் பாடம் எடுப்பார்களாம். இன்னொன்று உன் ஊரில், பினாங்கில், ஒரு பெரிய கடைவளாகத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு நாள், முந்நூறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் பார்த்து ஒன்றாக வாசிப்பது, தனியாக என்றால் ஒரு கோஷ்டிக்கு ஒரே ஒரு பாட்டு. இதில் எங்களுக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. நாங்கள் ஆரம்பத்திலிருந்தே நம் தெருக் கோயில் ஹார்மோனியத்தை வைத்துத்தான் நரம்பு கூட்டினோம். அந்தப் பழம்பெட்டி சுருதியில் அரைக் கட்டை கம்மி என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நாலு பேரும் ஒரே மாதிரி இறங்கியிருக்கிறீர்களே, வேண்டுமென்றே வைத்ததா என்று பினாங்கு விழாக்காரர்களில் ஒரு அம்மாள் ரொம்ப மரியாதையாக எழுதிக் கேட்டபோதுதான் தெரிந்தது. அது என் தொண்டையின் அளவு என்று எழுதிவிடு என்றாள் ஜெயம்மா. பாடுகிறவள் அவள்தானே, அவள் சொன்னது விளையாட்டில்லை. தனி மேடை என்றால் எங்கள் சுருதியில் நாங்கள் பாட்டுக்கு வாசிக்கலாம், முந்நூறு பேரோடு உட்கார்ந்தால் ஏற்றித்தான் ஆக வேண்டும், ஏற்றினால் அவளுக்கு மேலே எட்டாது.

ஆக, எது போகத் தகுந்த விழா என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் கடற்கரையைத்தான் காட்டும். ஜெயம்மா கோயில் மண்டபத்தைத் தவிர வேறு மேடை ஏறாதவள், கால் மணி நேரம் என்று கேட்டதிலிருந்து தோசை வார்க்கும்போதும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாளாம். பாய், எங்கே என்றாலும் டிக்கெட் எடுக்கிறேன், என்னைக் கேட்காதீர்கள் என்றார். மஞ்சுளா சயாமா பக்கம் என்றாள். சயாமாவாகிய எனக்கோ வாயில் கொழுக்கட்டை. நீ போய் நாலு வருடம் ஆகிறது, முதல் இரண்டு வருடம் உனக்கு லீவு கிடைக்கவில்லை, அப்புறம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற பட்டியல் வந்தது, இனி உன் வயசுப் பிள்ளை இந்த ஊருக்குள் கால் வைக்க முடியாது, கெடு முடிந்து புதுப்பிக்க முடியாமல் கிடக்கிற பாஸ்போர்ட்டோடு நீ தாய்லாந்து எல்லையையும் தாண்ட முடியாது. நான் பினாங்குக்கு வந்தால்தான் உண்டு. இதை அந்த மூன்று பேரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளைக்காக உங்கள் மேடையை விட்டுக்கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அந்த வீறாப்பில்தான் உனக்கும் எழுதினேன், இரண்டு விழா இருக்கிறது, எது போகத் தகுந்தது என்று விசாரித்து எழுது என்று. நீயும் மளமளவென்று பதில் போட்டாய். கடற்கரைதான் நல்லது, வாத்தியார்கள் பெரிய ஆட்கள், இங்கே நடப்பது வெறும் கடைத்தெருக் கூத்து, எனக்காகப் பார்க்காதீர்கள் என்று. மூன்று நாள் நான் யாரோடும் பேசவில்லை. நீ என்ன கேட்டாயோ அதற்குத்தானே அவன் பதில் எழுதியிருக்கிறான் என்று அப்பா சொன்னார், அதனால் அவரோடும் சேர்த்துப் பேசவில்லை.

முடிவுக்கு வர முடியாமல் கடைசியில் அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று ஆயிற்று. வெள்ளைப் பூ வந்தால் பினாங்கு, சிவப்பு வந்தால் கடற்கரை. பொட்டலம் கட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்தியவள், சயாமா கை சுத்தமான கை என்று ஜெயம்மாவே சொன்னாள். பிரேமு, உன் அம்மா இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினாள். நந்தியாவட்டை. சிவப்பு அரளியை முந்தானையில் முடிந்துகொண்டேன். கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம், எடுத்தாள், வெள்ளை. அம்மன் சொல்லிவிட்டாள் என்று மஞ்சுளா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த பாய், சரி பினாங்குதான் என்று அப்போதே போனை எடுத்து விமானம் பார்க்க ஆரம்பித்தார். ஜெயம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதற்குள் நான் எடுத்துக் கோயில் கிணற்றில் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து ஆசையாக உனக்குப் பிடித்த கருவாட்டுத் தொக்கு செய்யப் பட்டியல்கூடப் போட்டேன், பாவி.

போன ஞாயிறு ஒத்திகைக்குப் போனால், ஜெயம்மா வெற்றிலையை விட்டிருந்தாள். நாற்பது வருடப் பழக்கம். வெந்நீரில் பனங்கற்கண்டு போட்டுக் குடித்துவிட்டு, எல்லா நரம்பையும் அரைக் கட்டை ஏற்றுங்கள், பழகிப் பார்க்கிறேன் என்றாள். முதல் தடவை மேலே போகும்போது குரல் உடைந்தது. இரண்டாம் தடவையும் உடைந்தது. மூன்றாம் தடவை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இருமலால்தான் என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டு, அம்மனே சொன்ன பிறகு தொண்டை கொடுக்காமலா போய்விடுவாள், இன்னொரு தரம் வாசி சயாமா என்றாள். எனக்கு அதற்கு மேல் விரல் ஓடவில்லை. யூகுலேலேயைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பூவைப் பற்றி, கிணற்றைப் பற்றி, உன்னைப் பற்றி.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். ஜெயம்மா வாய் பபேடான் முழுக்கப் பிரசித்தம். கத்தவில்லை. ஏற்றின நரம்பையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருகிப் பழைய சுருதிக்கு இறக்கினாள். அப்புறம் சொன்னாள், நீ கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேனே கனகு, பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போவதற்கு எதற்கடி அம்மனைக் கள்ளச் சாட்சி வைத்தாய் என்று. இத்தனை வருடத்தில் அவள் என்னைச் சயாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், கனகு என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மஞ்சுளாவும் அழுதாள். பாய், எனக்கு முதலிலேயே சந்தேகம்தான், சயாமா முகத்துக்குப் பொய் ஒட்டாது என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கப் போய்விட்டார். மூன்று வெள்ளிக்கிழமை கோயில் பிராகாரத்தை நான் பெருக்க வேண்டும் என்று ஜெயம்மா தண்டனை போட்டிருக்கிறாள், ஒன்று முடிந்தது, இடுப்பு கழன்றுவிட்டது.

அதோடு விடவில்லை. பினாங்குக்கே போகலாம், அந்தக் கடற்கரை அடுத்த வருடம் எங்கேயும் ஓடிப்போகாது என்றாள். முந்நூறு பேரோடு வாசிக்கும்போது தான் பாடாமல் சும்மா விரலை ஆட்டுவாளாம், தனியாகப் பாடுகிற அந்த ஒரு பாட்டை மட்டும் நம் கோயில் சுருதியில் பாடுவாளாம். ஆனால் ஒன்று, என்னிடம்தான் வாயைத் திறந்து கேட்கவில்லை, உன் பிள்ளையிடமாவது கேட்டாயா, வரவேண்டாம் என்று அவன் எழுதினது உனக்காகவா, அவனுக்கே ஏதாவது சங்கடமா, அதைத் தெரிந்துகொண்டு வா, அப்புறம் விழாவுக்குப் பேர் கொடுக்கிற பாரத்தை அனுப்பலாம் என்று சொல்லிவிட்டாள். பூர்த்தி பண்ணின அந்த விண்ணப்பப் பாரம் இப்போது பாய் கடை மேஜையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

அதனால் இப்போது கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் பிரேம். நாலு வருடமாக அதைத் தவிர வேறு ஒன்றும் வேண்டியதில்லை. அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள், அம்மாவை எங்கே உட்கார வைப்பது என்று தயங்குகிறாயா, படிக்கட்டில் உட்காருவேன். இளைத்துப் போயிருக்கிறாயா, அந்த ஹோட்டல் சலவைக்கூட வேலை போய் வேறு வேலையில் இருக்கிறாயா, யாராவது பெண் இருக்கிறாளா, எதுவானாலும் நான் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். கேட்பேன், ஆனால் சாப்பிட்ட பிறகு கேட்பேன். இனிமேல் விழாவைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதாதே, எது நல்ல மேடை, யார் பெரிய வாத்தியார், எதுவும் வேண்டாம். வா அம்மா என்று எழுது. வர வேண்டாம் என்றால் அதையும் நேராக எழுதிவிடு, கடற்கரைக்குப் போய் ஜெயம்மாவுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு வருகிறேன், உன்மேல் கோபப்பட மாட்டேன். பொய், கோபப்படுவேன், ஆனாலும் விளக்கேற்றும்போது முதல் பேர் உன் பேர்தான்.

அம்மன் உன்னை நோய் நொடியில்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில், தீர்க்காயுசாக வைத்திருக்கட்டும். அப்பாவும் தன் ஆசீர்வாதத்தைச் சேர்த்து எழுதச் சொல்கிறார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொல்கிறார். வெளியே போகும்போது பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதே, கூடவே வை. வியாழக்கிழமை காலை எங்கள் முறை, பத்து மணி வரைக்கும் இங்கே கரண்ட் இருக்கும், அதற்குள் உன் பதில் வர வேண்டும். போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிற உன் அம்மா,
ரா. கனகாம்பாள்