படிக்கட்டில் கேட்ட சிரிப்பு

இன்று சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து சுக்குமல்லிக் காபி வாசனை வந்தது. கருப்பட்டியைக் கடைசியில் போட்டு, இறக்கும்போது துளசி கிள்ளிப் போடுகிற உன் பக்குவம். நம் அடுப்பு அணைந்து கிடக்க, உன் கைமணம் அங்கே கொதிக்கிறதே என்று எரிச்சலாக வந்தது. கொஞ்ச நேரத்தில் வசந்தியே ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள்.

"அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே போட்டிருக்கேன் சார், குடிச்சுப் பாருங்க."

"இப்பதான் குடிச்சேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் எதுவும் குடித்திருக்கவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.

கைலாசபுரம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் உன்னை யாரோடும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்ததில்லை. சுற்றிலும் மரங்கள், வேலி, அகலமான தெரு. பக்கத்து வீட்டில் என் மேலதிகாரி. அவர் மனைவியிடம் நீ ஒருமுறை விளையாட்டாகச் சொன்னது, மறுநாள் ஃபாக்டரியில் என் காதுக்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு கோலம் போட்டோமா, உள்ளே வந்தோமா என்று ஆகிவிட்டாய். பையனும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். பகலெல்லாம் சேர்த்து வைத்த பேச்சோடு, என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வருவாய். நான் ஷூவைக் கழற்றுவதற்குள் பாதி சொல்லி முடித்திருப்பாய்.

எனக்கு அது பிடித்திருந்தது. உனக்குப் பேச்சு குறைவு, பேசினாலும் என்னிடம் மட்டும்தான் என்று நம்பியிருந்தேன். மதுரையில் ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு குடித்தனம் இருந்த வீட்டில் வளர்ந்தவள் நீ என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ரிட்டையர் ஆனதும் ஸ்ரீரங்கத்தில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். மாடியில் மூன்று வீடு. வாசலுக்கு வாசல் முகம் பார்க்கும். ஒரு வீட்டுக் குக்கர் விசிலை அடுத்த வீட்டில் எண்ணலாம். எனக்கு மூச்சு முட்டியது. நீயோ முதல் வாரமே கதவைத் திறந்து போட்டாய். பக்கத்து வீட்டு மாமியும் எதிர்வீட்டு நர்ஸ் வசந்தியும் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். லிஃப்ட் ஓடவில்லை என்று படியேறினேன். மேலே யாரோ ஒரு பெண், ரேஷன் கடையில் நடந்த சண்டையை ஆளுக்கொரு குரலில் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே அவளே அடக்க முடியாமல் சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். இத்தனை நன்றாகப் பேசுகிறது யார் என்று பையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டேன். இன்னும் நாலு படி ஏறிய பிறகுதான் தெரிந்தது, அது நீ.

என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாய். "வந்துட்டீங்களா" என்றாய், குவார்ட்டர்ஸ் குரலில். மீதிக் கதையை நான் கேட்கவே இல்லை.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன்: "என்கிட்ட ஒரு நாளும் இப்படிப் பேசினதில்லையே?"

"அந்த வீட்டுல சத்தமா சிரிச்சா கூடச் சிரிக்க ஆள் இல்லைங்க."

"நான் இருந்தேனே."

"நீங்க களைச்சுல்ல வருவீங்க" என்று சொல்லி மோர் ஊற்றினாய். குறை சொல்கிற தொனிகூட இல்லை. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் என்னிடம் சொல்ல உன்னிடம் அதிகம் மிச்சம் இருக்கவில்லை. எல்லாம் பகலிலேயே செலவாகிவிடும்.

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, எந்தச் சேலை உடுத்துவது என்று யாரோ என்னைக் கேட்டார்கள். நான் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். "அந்த மாம்பழக் கலர்தான் சார், அம்மா சொல்லியிருக்காங்க" என்று வசந்தி எடுத்துக்கொண்டு போனாள். அத்தனை துக்கத்திலும் அது என்னைக் குத்தியது. அதை ஏன் அவளிடம் சொன்னாய்?

பையன் சென்னைக்குக் கூப்பிடுகிறான். நான் போகவில்லை. அங்கே அவன் குடியிருப்பில் உன்னைத் தெரிந்தவர் யாரும் கிடையாது. இங்கே மாமி தினமும் உன்னைப் பற்றி ஏதாவது சொல்கிறார். பெரும்பாலும் எனக்குத் தெரியாததாகவே இருக்கிறது. கேட்டால் வயிறு எரிகிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. நானும் இப்போது கதவைத் திறந்துதான் வைக்கிறேன்.

போன வாரம் மாமி கேட்டார்: "ஏன் சார், அவளுக்குப் பாட வருமோ? எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தோம், வாயே திறக்கலை."

கல்யாணமான புதிதில் முக்கொம்புக்குப் போயிருந்தோம். மதகில் தண்ணீர் விழுகிற இரைச்சலில், வேறு யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், என் காதருகே வந்து ஒரு பாட்டு முழுவதையும் பாடினாய். உன் மூச்சுக்காற்று கூட நினைவிருக்கிறது.

"அவளுக்குப் பாட வராதுங்க மாமி" என்றேன்.

மாமி நம்பிவிட்டார். அந்தப் பாட்டை யாருக்கும் தருவதாக இல்லை.