இரண்டரைச் சிப்பம் தாங்கும் சைக்கிள்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். தெருவெல்லாம் சேறு. மாவு அரைக்கவில்லை.

இவருக்கு ஸ்டென்ட் வைத்து ஐந்து வாரம். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மழை விட்டதும் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வாய்க்கால் மதகுவரைகூடப் போகவில்லை. வழியெல்லாம் விசாரிப்பு. கடைசியாக உரக்கடைக்காரர்: "எங்க சித்தப்பாவுக்கும் இதேதாங்க வச்சாங்க. நல்லாத்தான் இருந்தாரு. ஒருநாள் வயலுக்குப் போனவரு..."

நல்ல மனுஷர், வாய்தான் அப்படி. இவர் அங்கேயே திரும்பிவிட்டார். வந்து படுத்தவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

என் விடுப்பு ஞாயிறோடு முடிகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து தலைமை ஆசிரியர் போன் செய்து நினைவுபடுத்தினார். இவரோ தனியாக இருக்க மாட்டேன் என்கிறார். கொல்லைக்குப் போனாலே, "மல்லிகா, எங்க போற?" ஊரையே அதட்டுகிற விவசாயி. அவருக்குத் தன் நெஞ்சை நினைத்துப் பயம். எனக்கு அவரை நினைத்துப் பயம்.

அக்டோபர் 7, செவ்வாய்

வானம் மூட்டம். சிலிண்டர் வந்தது.

டாக்டரிடம் போனில் கேட்டேன், வீட்டிலேயே சைக்கிள் மிதிக்கலாமா என்று. "தாராளமா. மிதிக்கிறப்ப மூச்சு வாங்காம பேச முடியணும். அதுதாம்மா அளவு."

சென்னையிலிருந்து மகள் வித்யா வரிசையாகப் படம் அனுப்புகிறாள். எல்லாம் ட்ரெட்மில். பம்ப்செட் ஓடுகிற நேரத்தில் இங்கே மிக்ஸியே முனகும். நடந்துகொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஆள் குப்புற விழ வேண்டியதுதான். விலையும் யானை விலை. வேண்டாம்.

கரன்ட் இல்லாமல் ஓட வேண்டும். ஆடக் கூடாது. முதுகுக்குச் சாய்மானம். பழுதானால் தஞ்சாவூரிலேயே ஆள் வர வேண்டும்.

பக்கத்து வீட்டு ராணி: "வாங்குங்கக்கா. துணி காயப்போட ஆவும்."

அக்டோபர் 9, வியாழன்

நல்ல வெயில். பஸ்ஸில் இடம் கிடைத்தது.

தஞ்சாவூர் கடை. கடைக்காரத் தம்பி எடுத்ததுமே, "சார் என்ன வெயிட்டு?"

இவர்: "ரெண்டரைச் சிப்பத்துக்கு ரெண்டு கிலோ கம்மி."

தம்பி முழித்தான். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம், அதாவது மூட்டை, நாற்பது கிலோ, அது அவனுக்கு எப்படித் தெரியும்? தொண்ணூற்றெட்டு என்றேன். மடக்கி வைக்கிற மாதிரி ஒன்றைக் காட்டினான். விலை குறைவு. நூறு கிலோ தாங்குமாம்.

"ரெண்டு கிலோதானே மிச்சம்? தீபாவளி வருதேப்பா," என்றேன்.

அடுத்தது நூற்றிருபது. கனத்த இரும்பு, அகலக் கால், சாய்மானம். மீட்டருக்கு மட்டும் பேட்டரி. மிதியை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஏறி, பலங்கொண்ட மட்டும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. இவர் சிரித்துவிட்டார். ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கே வாங்கலாம். வாங்கிவிட்டோம். ட்ரெட்மில் விலையில் பாதிகூட இல்லை.

ஆனால் கடையில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். "வீட்டுல பாத்துக்கலாம்." அதுதான் உறுத்துகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

புழுக்கம். வண்டியில் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பகல் முழுக்க ஏறவில்லை. சைக்கிள் மேல் அவர் துண்டு. ராணி ஜெயித்துவிடுவாள் போல.

சாயங்காலம் கெஞ்சி உட்காரவைத்தேன். என் மணிக்கட்டை விடவே இல்லை. உள்ளங்கையெல்லாம் வேர்வை. பேசுங்க, பேசினால்தான் அளவு தெரியும் என்றேன்.

"என்னத்தப் பேசுறது?"

கொள்முதல் நிலையத்தில் நம் நெல் நனைகிறதாமே என்று கிளறிவிட்டேன். அவ்வளவுதான். தார்ப்பாயில் ஆரம்பித்து ஈரப்பதம், லாரி என்று ஒருவரையும் விடவில்லை. கால் பாட்டுக்கு மிதிக்கிறது. திட்டத் திட்ட எனக்கு உயிர் வந்தது. என் கையை எப்போது விட்டார் என்று இருவருக்குமே தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வெயில். இரண்டு வாளித் துணி.

காய் வாங்கப் போன இடத்தில் நேரமாகிவிட்டது. பதறி ஓடிவந்தால் கட்டிலில் ஆள் இல்லை. கூடத்தில் சைக்கிள் சத்தம். தனியாக மிதித்துக்கொண்டிருக்கிறார். காதில் போன். டிராக்டர்காரரோடு சண்டை. "நாளைக்கு உழவு ஓட்டலன்னா நானே அங்க வந்து நிப்பேன், பாத்துக்க!"

என்னைப் பார்த்ததும், "என்ன அப்புடியே நிக்கிற? நாளைக்குப் பள்ளிக்கூடம் போவணும்ல, அந்த வேலையப் பாரு. நான் என்ன சின்னப் புள்ளயா?"

அப்பாடா.

சமையலறைக்குப் போய்க் கீரையை அலசிக்கொண்டே நன்றாக அழுதேன். நாளை முதல் பீரியடே ஏழாம் வகுப்பு. நீலப் புடவையைத் தேய்க்க வேண்டும்.