விசிறி ரெகுலேட்டரில் ஓடிய ஜெனரேட்டர்

சோம்தோ அம்மா,

நீ ஜெபக்கூட்டத்திலிருந்து வரும்வரை இருக்க முடியவில்லை, கடை திறக்கப் போகிறேன். எகுசிக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. ஜெனரேட்டர் கொட்டகைச் சாவி மாவு டப்பாவுக்குப் பின்னால்.

ஜெனரேட்டரை இப்போதுதான் அணைத்தேன், வந்ததும் போடு. நீ சொன்னபடியே ஃப்ரீசர் ஓடத் தொடங்கியதும் ரெகுலேட்டர் குமிழைக் கூட்டினேன், நின்றதும் குறைத்தேன். ஒரு பல்புகூடப் போகவில்லை. உன் மீனெல்லாம் கல்லாக இருக்கிறது.

மெக்கானிக் மிஸ்டர் சண்டே வந்தார். "வோல்டேஜைச் சீராக்குற பாகம் லாகோஸ்லேருந்து வர ரெண்டு வாரம் ஆகும்னேனே, இது எப்படி ஓடுது?" என்றார். நீ சுவரிலிருந்து கழற்றி மாட்டிய விசிறி ரெகுலேட்டரைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "உங்க வீட்டம்மாவை என் பட்டறைக்கு அனுப்புங்க. நீங்க வேணாம்" என்றார்.

"மீனோட சேர்த்து வீட்டையும் கொளுத்தப் போறே" என்று நேற்று நான் கத்தியதை அவரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஒகேசி

பி.கு.: வீட்டில் மூன்று விசிறி இருக்க, என் தலைக்கு மேலே ஓடுவதன் ரெகுலேட்டரைத்தான் கழற்றியிருக்கிறாய். கம்பியை நேராக இணைத்துவிட்ட அந்த விசிறி இனி முழு வேகத்தில் மட்டும்தான் சுற்றும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. மெதுவாக வை, வேகமாக வை என்ற நம் ஒன்பது வருடச் சண்டையில் நீ ஜெயித்துவிட்டாய். கம்பளி எங்கே இருக்கிறது?