இரண்டு பக்கமும் கார்பன்

மார்ச் 4

ஆல்டிஹைடு ஒருவழியாக முடிந்தது. நாளை கீட்டோன். வேதியியல் டீச்சராகப் பிழைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். நடுவில் ஒரு கார்பன், தன் நாலு கையில் இரண்டால் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும். மீதி இரண்டு கையிலும் கார்பன் இருந்தால் கீட்டோன். ஒரு பக்கமாவது ஹைட்ரஜன் வந்துவிட்டால் ஆல்டிஹைடு. எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். இந்த முறை, அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் என்று சொல்லிப் பார்க்கப்போகிறேன்.

இவர் வேலை பார்க்கும் கார் பட்டறையில் கூரை மாற்றுகிறார்கள். போன மாதமே பூட்டியாயிற்று. வீட்டில் படுத்துப் படுத்து எழுந்திருக்கிறார். பெயிண்ட் அடித்த கை சும்மா இருந்தால் சோர்வுதான். வீட்டோடு ஒரு துணை இருப்பதும் நல்லதுதானே.

மார்ச் 5

மாட்டிக்கொண்ட ஆள் நன்றாக எடுபட்டான். வகுப்பே சிரித்தது. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைக் கொண்டுபோய் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். கீட்டோனிலேயே சின்னது இது. "எங்க வீட்டுக்காரர் வாசனை இதுதான், பெயிண்டைக் கரைக்கிற தின்னர்ல இருக்கும்" என்றேன். அதற்கும் சிரிப்பு. நல்ல பிள்ளைகள்.

மார்ச் 6

இவர் ராத்திரி சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடம் குடமாக.

மார்ச் 7

மாடி வீட்டிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் மறுபடி குடிக்கிறானா? வாயில ஒரு மாதிரி இனிப்பா வாடை வருது."

எனக்குச் சுருக்கென்றது. அவர் விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. "தின்னர் வாடைம்மா. கல்யாணமான நாளா மோந்துட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஏன் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 8, ஆஸ்பத்திரி

எழுதினால்தான் மனசு அடங்கும்.

இன்று உடம்பில் உண்டாகும் கீட்டோன்கள் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சர்க்கரையைப் பயன்படுத்த முடியாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கும், அப்போது அசிட்டோனும் வரும் என்று. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அப்போ அந்த வாசனை வாயில வருமா டீச்சர்?" என்றாள்.

"வருமே, மூச்சு விட்டாலே வரும்—"

அங்கேயே நின்றுபோனேன். பட்டறைதான் பூட்டிக் கிடக்கிறதே. எந்தத் தின்னர்? யார் சட்டையில்? தாகம், சோர்வு, தொளதொளவென்று ஆன பேன்ட் — எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்ததே, பாவி நான் என்னத்தைப் பாத்தேன்? ஊருக்குத்தான் உபதேசமா?

தலைமையாசிரியை ஒரு கேள்வியும் கேட்காமல் தன் கார் சாவியை என் கையில் வைத்தார். அந்த அம்மாளை நான் பேசாத பேச்சில்லை. இனி மூச்சு விடமாட்டேன்.

வீட்டில் இவர் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். கூப்பிட்டால் "ம்" மட்டும். நாத்தனாரும் நானும் தாங்கிப் பிடித்து ஏற்றினோம்.

டாக்டரம்மா சொன்னார்: "சுகர் எகிறிக் கிடக்கு, ரத்தமே அமிலமா மாறிட்டிருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டிருந்தீங்கன்னா கஷ்டம்." சர்க்கரை வியாதி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. உள்ளே விடவில்லை. பொழைச்சா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.

மார்ச் 9

கண் திறந்தார். என்னைப் பார்த்து, "ஸ்கூல் இல்லையா?" என்றார். அழுதேன்.

மார்ச் 10

இவர் உடம்பில் சேர்ந்தது மூன்று கீட்டோன்கள் என்று டாக்டரம்மா விளக்கினார். மூன்றாவது உண்மையில் கீட்டோனே இல்லை. இரண்டு பக்கமும் கார்பன் இருக்கிறது, ஆனால் ஆக்சிஜன்மேல் அந்த இரட்டைப் பிடி இல்லை. வாய் வரை வந்துவிட்டது. உயிரைக் காப்பாற்றியவரிடமா திருத்துவது? தலையாட்டிவிட்டேன்.

நாத்தனார் இரண்டு நாளாக வாசலில் நாற்காலியை விட்டு நகரவில்லை. "உன் மூக்குக்குக் கோயில் கட்டணும்" என்றேன். "நான் குடிகாரன்னுல்ல சொன்னேன்" என்று அழுகிறாள். அவள் மோந்தது சரி. நான்தான் அதற்குத் தப்பான பெயர் வைத்தேன். கட்டிக்கொண்டேன்.

மார்ச் 18

வீடு. இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறார். காருக்குக் கோடு போடுகிற கை, பிசகவில்லை. கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லி நன்றி சொன்னேன். திருதிருவென்று விழித்தாள். "அது டெஸ்ட்ல வருமா டீச்சர்?" என்றாள்.

ஏப்ரல் 2

பட்டறை திறந்துவிட்டார்கள். இவர் இன்று முழு நாள் வேலைக்குப் போய் வந்தார். சட்டையெல்லாம் தின்னர். செருப்பைக் கழற்றும் முன்பே, போலீஸிடம் மாட்டிய டிரைவர் போல என் முகத்துக்கு நேரே குனிந்து, "ஊதட்டுமா?" என்றார். அந்தச் சட்டையைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, முகம் கழுவி வந்து ஊதச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போய்க் கழுவி வந்து ஊதினார்.

வெறும் மூச்சு. இன்னொரு தரம் ஊதச் சொன்னேன்.