பிளாப்பியில் இருந்த முகம்

1999 பிப்ரவரி 8, திங்கள்

காலையில் நல்ல பனி. மாவு அரைக்கணும். கேஸ் பதியணும்.

ஞாயிறு என் வீட்டுக்காரருக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. ஹாலில் மாட்ட இன்னும் படம் இல்லை. குவார்ட்டர்ஸ் பூராவையும் போட்டோ எடுத்த மனுஷன், எதிலும் தான் நிற்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் இருப்பது மீசைகூடச் சரியாக முளைக்காத யாரோ. நரைத்த பிறகு, அந்தச் சிரிப்போடு, ஒன்றே ஒன்று. அவருடைய கடைசி கிறிஸ்துமஸுக்கு என் தம்பி சேவியர் துபாயிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. பிலிம் கிடையாது, பிளாப்பிதான். பீரோவில் பத்திரம்.

பிப். 10, புதன்

ஆவடி ஸ்டுடியோ. கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார்கள். திரையில் மொத்தக் குடும்பம், ஓரத்தில் அவர். ஸ்டுடியோக்கார ரமேஷ் முகத்தை மட்டும் பெரிசாக்கினான். வெறும் கட்டம் கட்டமாக.

"இதான்க்கா பிக்சல். மூஞ்சிக்கு இவ்ளோதான் கீது. பெருசாக்கினா கட்டம்தான் பெருசாவும், புச்சா ஒண்ணும் வராது."

"நெகட்டிவ்லேர்ந்து போட முடியாதாப்பா?"

"இதுல நெகட்டிவே கெடையாதுக்கா."

சாயங்காலம், இப்போது பூந்தமல்லியில் இருக்கிற சேவியருக்கு போன். "சின்ன சைஸ்ல வச்சாதான்க்கா ஒரு பிளாப்பில நெறைய புடிக்கும்னு..." என்று இழுத்தான். முப்பத்தாறு படம் விழுகிற பிலிம் ரோலில் முப்பத்தெட்டு எடுக்கிற குடும்பம். அவரும் அப்படித்தான். யாரைத் திட்ட? போனை வைத்துவிட்டு அழுதேன்.

பிப். 12, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. மறுபடி ஸ்டுடியோ. ரமேஷ் ஒரு வழி சொன்னான். என் மகன் ஜானின் போட்டோவிலிருந்து கண்ணையும் வாயையும் ஸ்கேன் பண்ணி அங்கே ஒட்டிவிடலாமாம்.

"அப்பா ஜாடை தானக்கா, ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே. இருக்கிறத அப்படியே பெருசா போட்டுக் குடு."

"மாட்டினா அசிங்கமா இருக்கும்க்கா."

கோபம் வந்தது. நல்லதுக்குத்தான் சொன்னான், பாவம்.

பிப். 13, சனி

பிரேம் வந்தாச்சு. ஹாலில் ஆணியடித்து மாட்டினேன். எதிரே நின்று பார்த்தால் பாத்ரூம் டைல்ஸ். ரமேஷ் சொன்னது சரி, வீம்புக்குச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பால் பொங்குகிற வாசனை. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், ஹால் கோடியில் அவர். அதே சிரிப்பு. கிட்டே போனேன், வெறும் கட்டம். அடுப்படிக்கே வந்தேன், வந்துவிட்டார்.

நாளைக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி எல்லாம் அடுப்படிப் பக்கமாகப் போடணும்.