கிழிந்த குடைக்குப் பூஜ்ஜியம்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் வலியும் சௌக்கியம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், அப்போதுதான் உன்னை மனசு உறுத்தாமல் திட்ட முடியும்.

உன் தங்கை ஆபீஸில் பில் போடும் வேலைக்கு மெஷின் வந்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா. அவளை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டுமானால் 'மாறும் காலத்துக்குப் புதுமைச் சிந்தனை' என்று ஒரு பயிற்சியாம், கடைசியில் பரீட்சையாம், தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். சொந்தமாக யோசியுங்கள், பார்த்து எழுதாதீர்கள் என்று பயிற்சி கொடுத்தவர் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறார், இந்தப் பைத்தியக்காரி அதை நம்பிவிட்டாள். கிழிந்த குடையை என்ன செய்யலாம் என்று கேள்வி. தைத்துக் குடையாகவே பிடிக்கலாம் என்று எழுதி, கம்பி ஓரம் கிழிந்தால் எப்படித் தைப்பது, கம்பி முறிந்தால் எதை வைத்துக் கட்டுவது என்று பக்கம் நிறைய எழுதியிருக்கிறாள். பூஜ்ஜியம். பயிற்சியில் கொடுத்த விடைப் புத்தகத்தில் பூத்தொட்டி, விளக்கு மூடி, சுவர் அலங்காரம் என்றுதான் இருக்கிறதாம், குடை இல்லையாம். பக்கத்து மேசைக்காரி அதை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பித்து முழு மார்க் வாங்கிவிட்டாள். இதற்குப் பெயர் சொந்த யோசனையா? நனைகிறவளுக்குப் பூத்தொட்டி எதற்கு?

எவன் இந்த விடையை எழுதினான், அவன் வீட்டில் மழையே பெய்யாதா என்று கத்தினேன். உன் அப்பா அந்தப் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைக் காட்டினார். டை கட்டிக்கொண்டு நீ சிரிக்கிறாய். புத்தகம் எழுதும் வேலை என்று நீ சொன்னபோது பெருமையாக ஊரெல்லாம் சொன்னேனே, இதுதானா அது? சின்னவளுக்கு முதலிலேயே தெரியுமாம். அண்ணன்கிட்ட சொல்லாதம்மா, அவன் சொல்லி மார்க் போட்டா அது அவன் மார்க்கு, எனக்கு வேணாம் என்கிறாள். விடைத்தாளை மறுபடி திருத்தச் சொல்லித் தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இதற்குப் பதில் வர வேண்டும். மார்க் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்கிறவன் நீ, ஒரே ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் எழுது. நீ பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க வீட்டில் எல்லோருக்கும் ஒரே குடை. ஒவ்வொரு மழைக்கும் முன்னால் உன் அப்பா அதை என்ன செய்தார்? பார்த்து எழுதாதே, சொந்தமாக யோசித்து எழுது.

வேளைக்குச் சாப்பிடு. என் கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டுகிறேன். தலை நனைந்தால் உனக்குச் சளி பிடித்துக்கொள்ளும், குடையை மறக்காதே. கிழிந்திருந்தால் தூக்கி எறிந்துவிடாதே, இங்கே அனுப்பு, தைக்க உன் தங்கை இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் பதிலைத் திருத்தக் காத்திருக்கும்
அம்மா